கேட்பது பாதி, ஊகிப்பது மீதி

ஸ்மார்ட்வாட்சிடம் பேசி மெசேஜ் அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் சிரிப்பதற்கு ஒரு கதையாவது இருக்கும். ‘பையன் பள்ளிக்குப் போயிட்டான்’ என்று சொன்னது ‘பல்லிக்குப் போயிட்டான்’ என்று போய்ச் சேர்ந்திருக்கும். படித்தவர் சிரித்துவிட்டு, சரியான சொல்லைத் தானே போட்டுக்கொள்வார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு வகைப் பிழை உண்டு. மருந்துக்கடையில் நிற்கும் தம்பிக்கு, வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ‘அப்பாவுக்குத் தூக்க மாத்திரை வேணாம்’ என்று மணிக்கட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ‘அப்பாவுக்குத் தூக்க மாத்திரை வேணும்’ என்று எழுத்தாகிறது. ஒலியில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணப்பிழை கிடையாது. தம்பிக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை, வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இந்த அத்தியாயத்துக்கு இரண்டாவது வகைதான் முக்கியம். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மேம்பட்டு வருகின்றன. அந்த மேம்பாட்டில் முதல் வகைப் பிழைகள் வேகமாகக் குறைந்தன. இரண்டாவது வகை அப்படிக் குறையவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

வாயிலிருந்து மைக் வரை

போனை வாய்க்கு அருகே பிடித்துப் பேசினால் மைக் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். கையை இயல்பாக மடக்கி வாட்சிடம் பேசினால் அது 40 சென்டிமீட்டர் வரை தள்ளிப் போகும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. 5 சென்டிமீட்டர் 40 ஆவதற்குள் மூன்று முறை இரட்டித்துவிட்டது. ஆக 18 டெசிபல் போயிற்று. ஆற்றல் கணக்கில் இது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. உங்கள் குரல் இவ்வளவு மெலிந்தாலும், பக்கத்தில் உறுமும் பேருந்தின் சத்தம் மெலிவதில்லை. கருவிக்கு அடிப்படையான சிக்கல் இதுதான்: குரல் சின்னதாகிவிட்டது, இரைச்சல் அப்படியே இருக்கிறது.

வாட்சின் மைக் என்பது சிலிக்கான் சில்லில் உருவாக்கிய மெல்லிய சவ்வு. வாட்ச் உடலில் உள்ள ஊசித்துளை போன்ற ஒரு வழியாக ஒலி அதை அடைகிறது. கை கழுவும்போது அந்தத் துளையில் ஒரு சொட்டு நீர் தங்கினாலும், முழுக்கைச் சட்டை அதை மூடினாலும் ஒலி மங்கும். பைக்கில் போகும்போது காற்று துளையின் விளிம்பில் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி எழுப்பும் தாழ்ந்த உறுமல் மைக்கை நேராகத் தாக்குவதால், நமக்குச் சாதாரணமாகத் தெரியும் காற்றுகூட அதற்குப் புயல்.

இரைச்சல் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. உயிரொலிகள் நீண்டு ஒலிப்பவை, வலுவானவை. க, ட, த, ப போன்ற வெடிப்பொலிகளின் அடையாளமோ சில பத்து மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். ச, ஸ போன்றவற்றின் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் சன்னமாகப் பரவியிருக்கும். ஆகவே இரைச்சலில் முதலில் மூழ்குவது மெய்யொலிகள். ல, ள, ழ மூன்றும் தெளிவான குரலிலேயே நெருங்கிய உறவினர்கள். நம்மில் பலர் அவற்றைப் பிரித்து உச்சரிப்பதுமில்லை. பள்ளி பல்லியாவதில் வியப்பில்லை.

மைக்குக்குள் வந்த ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்வரிசையைச் சுமார் 25 மில்லிவினாடி நீளமுள்ள துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. கருவி ‘கேட்பது’ இவ்வளவுதான். இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஊகம்.

பத்து எண்களில் தொடங்கியது

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ‘ஆட்ரி’ என்ற கருவியைச் செய்தார்கள். அதற்குப் புரிந்தது பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்கள் மட்டும். பேசுபவரின் குரலுக்கு ஏற்ப முன்கூட்டியே சரிசெய்திருந்தால் நன்றாக வேலை செய்யும். வேறொருவர் வந்து பேசினால் தடுமாறும். பத்து ஆண்டுகள் கழித்து, 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களைப் புரிந்துகொண்டது. வந்த ஒலியின் வடிவத்தைத் தெரிந்த ஒலிகளின் வடிவத்தோடு பொருத்திப் பார்ப்பதே இவற்றின் வேலை. பொருந்தவில்லை என்றால் தவறு அப்பட்டமாகத் தெரியும்.

1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு ஐந்தாண்டுத் திட்டமொன்றுக்குப் பணம் கொடுத்தது. அதன் விளைவாக 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்திருந்தது. சொற்களின் எண்ணிக்கையைவிட அதிலிருந்த இன்னொன்று முக்கியமானது. எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரலாம் என்ற வலைப்பின்னல் அதற்குள் இருந்தது. ஒலியை மட்டும் நம்பாமல், அடுத்து என்ன வரக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்தது.

அதே பத்தாண்டில் ஐபிஎம்மில் ஃபிரெட் ஜெலினெக்கின் குழுவும், கார்னகி மெலனில் ஜேம்ஸ் பேக்கரும் இந்தச் சிக்கலை முழுக்க நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கருவி இரண்டு கேள்விகள் கேட்கும். இந்தச் சொற்களைச் சொல்லியிருந்தால் இந்த ஒலி வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? இந்த மொழி பேசுகிறவர்கள் இந்தச் சொற்களை இந்த வரிசையில் சொல்ல எவ்வளவு வாய்ப்பு? இரண்டு விடைகளையும் பெருக்கி, எந்த வாக்கியத்துக்கு மதிப்பு அதிகமோ அதையே எழுதும். பழகிய மளிகைக் கடைக்காரர், நீங்கள் பட்டியலைச் சொல்லி முடிப்பதற்குள் வழக்கமான சாமான்களை மடிக்க ஆரம்பிப்பதைப் போல. பெரும்பாலும் சரியாக இருக்கும். என்றைக்காவது நீங்கள் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டால்தான் வம்பு.

இப்போது முதலில் பார்த்த இரண்டு பிழைகளுக்கு வருவோம். ‘பையன்’ என்ற சொல்லுக்குப் பிறகு, ‘போயிட்டான்’ என்பதற்கு முன்பு, பல்லிக்கு இடமே இல்லை. நல்ல மொழிக் கணக்கு வைத்திருக்கும் கருவி, ஒலி எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பள்ளியைத்தான் எழுதும். ஆனால் ‘மாத்திரை’ என்ற சொல்லுக்குப் பிறகு ‘வேணும்’ வருவதும் இயல்பு, ‘வேணாம்’ வருவதும் இயல்பு. அக்கம்பக்கத்துச் சொற்கள் எந்தச் சாட்சியும் சொல்வதில்லை. அங்கே கருவி முழுக்க ஒலியை நம்ப வேண்டியிருக்கிறது; ஒலி கெட்டிருந்தால் ஊகம் எந்தப் பக்கமும் சாயலாம். மொழியறிவு கூடக்கூட அபத்தமான பிழைகள் உதிர்ந்துபோய், அர்த்தமுள்ள பிழைகள் மிஞ்சுவது இதனால்தான்.

அரிதான பெயர்கள் அடிபடுவதும் இதே காரணத்தால். கருவி பயின்ற உரைகளில் ஆயிரம் முறை வந்த பெயருக்கும் ஒரே முறை வந்த பெயருக்கும் போட்டி என்றால், சின்ன ஊரின் பெயரும் தூய தமிழ்ப் பெயரும் தோற்கும். பல அமைப்புகள் உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து இதைச் சரிக்கட்டப் பார்க்கின்றன. பட்டியலில் பெயரைச் சரியான எழுத்தில் சேமித்து வைப்பது வீண் வேலையில்லை.

2010-க்குப் பிறகு நரம்பு வலையமைப்புகள் இந்தத் துறையைத் தலைகீழாக மாற்றின. 2019-இல் கூகுள் தன் ஜிபோர்டு விசைப்பலகைக்காக வெளியிட்ட ஆங்கிலப் பேச்சு மாதிரி 80 எம்பிதான். இணையம் இல்லாமல் போனிலேயே ஓடியது. போனைவிட மிகச் சிறிய பேட்டரி கொண்ட வாட்சுகள் நெடுங்காலம் ஒலியைப் போனுக்கோ தொலைதூர சர்வருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தன. 2023-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 9-இல், குரல் உதவியாளரான ‘சிரி’யின் பல வேலைகள் வாட்சுக்குள்ளேயே நடக்கத் தொடங்கின.

ஊகத்தின் வலிமை கூடியதில் புதிய ஆபத்தும் சேர்ந்தது. ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது, மிகத் திறமையானது. ஆனால் 2024-இல் வெளியான ஆய்வொன்றில், சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய 1 சதவீதத்தில், யாருமே பேசாத சொற்றொடர்களை அது எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்தபோது இப்படி நடப்பது கூடியது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் ஊகம் நிற்கவில்லை.

வாக்கியத்தின் வால்

உயிரொலிகள் வலுவானவை என்றால் ‘வேணாம்’ எப்படி ‘வேணும்’ ஆகும்? அது வாக்கியத்தில் நிற்கும் இடம்தான் காரணம்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, நடந்ததா நடக்கப்போகிறதா, சொல்கிறோமா கேட்கிறோமா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி அசைகளில்தான் தீர்மானமாகிறது. ‘வரேன்’, ‘வரலை’, ‘வரேனா’, ‘வரணும்’. ‘பணம் இருக்கு’, ‘பணம் இருக்கா’. ஓர் ஈற்றொலி மாறினால் செய்தியே புரண்டுவிடும்.

அந்தக் கடைசி அசைகளுக்குத்தான் எல்லா ஆபத்தும் ஒன்றுகூடி வருகிறது. முதலாவது, பேசும்போது மூச்சு தீரத்தீரக் குரலின் வலுவும் சுருதியும் இறங்கும். எந்த மொழியிலும் வாக்கியத்தின் முடிவு பொதுவாகத் தொடக்கத்தைவிட மெல்லியது. இரண்டாவது, பேச்சு முடிந்துவிட்டது என்பதைக் கருவி மௌனத்தை வைத்தே முடிவுசெய்கிறது. வினைக்கு முன்னால் ஒரு நொடி யோசித்து நிறுத்தினால், முடிந்தது என்று நினைத்து அது காதை மூடிக்கொள்ளலாம். மூன்றாவது, வாட்சுக்கே உரியது: சொல்லி முடிக்கும் அவசரத்தில் கை தானாகக் கீழே இறங்குகிறது. மைக் வாயைவிட்டு விலகும் அந்தக் கணத்தில்தான் நாம் ‘வேணாம்’ என்கிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. திரையில் ஓடும் சொற்கள் இறுதியானவை அல்ல; அடுத்தடுத்த ஒலி வர வர, கருவி முன்பு எழுதியதை மாற்றிக்கொண்டே போகும். கடைசிச் சொல்லுக்கு அப்படித் திருத்திக்கொள்ளப் பின்னால் எதுவும் வருவதில்லை. ஆகையால் கையை உயர்த்தியபடியே கடைசிச் சொல்லையும் முதல் சொல்லின் அழுத்தத்தோடு சொல்லி, ஒரு நொடி பொறுத்து இறக்குவது தமிழில் பேசுகிறவர்களுக்கு மிக மலிவான பாதுகாப்பு.

நூற்றுக்கு ஐந்து பிழை என்றால் என்ன?

இந்தத் துறையில் கருவிகளைச் சொற்பிழை விகிதத்தால் அளக்கிறார்கள். மாறிப்போன சொற்கள், விடுபட்ட சொற்கள், புதிதாக நுழைந்த சொற்கள் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 2017-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களைக் கொண்ட புகழ்பெற்ற சோதனைத் தொகுப்பு ஒன்றில் 5.1 சதவீதம் வரை இறங்கியதாக அறிவித்தார்கள். பயிற்சி பெற்ற மனித எழுத்தர்களுக்கு இணையானது என்று அதைக் கொண்டாடினார்கள்.

இந்த அளவுகோலில் இரண்டு குறைகள். பள்ளி பல்லியானதும் ஒரு பிழை, வேணாம் வேணும் ஆனதும் ஒரு பிழை. சேதத்தை அது எடைபோடுவதில்லை. தமிழுக்கு இன்னொரு குறையும் சேர்கிறது. ‘வந்துவிட்டானாம்’ என்பதைக் கருவி ‘வந்து விட்டானாம்’ என்று பிரித்து எழுதினால், படிப்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை, ஆனால் கணக்கில் ஒரு மாற்றமும் ஒரு நுழைவுமாக இரண்டு பிழைகள். அதனால்தான் தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிகளுக்கு எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அதைவிட முக்கியம், அந்த எண் யாருடைய குரலில் அளந்தது என்பது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஐந்தின் பேச்சறி அமைப்புகளையும் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்களின் பேச்சில் சராசரியாக 19 சதவீதமாக இருந்த சொற்பிழை, கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 35 சதவீதமாக இருந்தது. ஒரே நாடு, ஒரே மொழி, அதே கருவி. பயிற்சிக்கு எந்த வகைப் பேச்சு போதுமான அளவு கிடைக்கவில்லையோ, அதைப் பேசுகிறவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

நெல்லைப் பேச்சுக்கும் கொங்குப் பேச்சுக்கும் யாழ்ப்பாணப் பேச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால் நம் சிக்கல் புரியும். கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017-இல்தான். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பு, 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடமிருந்து 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சைத் திரட்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி எழுதி வைத்துப் படித்ததல்ல, இயல்பாகப் பேசியது. விஸ்பர் பயின்ற அளவோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் வட்டாரப் பேச்சு சேரவேண்டிய வழி இதுவே.

அழுத்திச் சொன்னால் கேட்குமா?

தவறாக எழுதிவிட்டது என்றதும் நாம் செய்வது ஒன்றுதான். அதே சொல்லை உரக்க, நிறுத்தி நிறுத்தி, அசை அசையாகச் சொல்கிறோம். காது மந்தமான பெரியவரிடம் அது பலிக்கும். ஷேரன் ஓவியட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-களில் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். கருவி தவறு செய்ததும் மக்களின் பேச்சில் ஒலிகள் நீள்கின்றன, இடைவெளிகள் கூடுகின்றன, உச்சரிப்பு மிகையாகிறது என்று அளந்து காட்டினார்கள். கருவியோ இயல்பான பேச்சில் பயின்றது. மிகையான உச்சரிப்பு அதற்கு அந்நியம். நாம் திருத்தத் திருத்தப் பிழை தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தமான இடத்தில் நம்மையறியாமல் குரலை உயர்த்துவதை 1911-இலேயே பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டு விவரித்திருந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குரல் உயரும்போது அளவு மட்டுமன்றி சுருதியும் ஒலிநீளமும் மாறுகின்றன. கத்துவதைவிட மணிக்கட்டை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவருவது மேல்.

ஒரு சொல் இரண்டாவது தடவையும் தவறினால், அதே சொல்லை மூன்றாவது தடவை முயல்வதில் பயனில்லை. வாக்கியத்தையே மாற்றிச் சொல்ல வேண்டும். தனிச்சொல்லைவிட முழு வாக்கியத்தில் கருவிக்குத் துப்புகள் அதிகம்.

திருத்தும் செலவு

2016-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனையொன்றில், போனில் ஆங்கிலத்தைத் தட்டுவதைவிடப் பேசி உள்ளிடுவது மூன்று மடங்கு வேகமாக இருந்தது. 1999-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கண்டது இதற்கு நேர் எதிர்: அன்றைய டிக்டேஷன் மென்பொருள்களைப் புதிதாகப் பயன்படுத்தியவர்கள், திருத்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 14 சொற்களைக்கூட எட்டவில்லை, விசைப்பலகையில் 32-ஐத் தாண்டினார்கள். பேசுவதற்கு ஆன நேரம் சொற்பம். திருத்துவதற்கு ஆன நேரம்தான் மிச்சமெல்லாம். கருவிகள் இடையில் நன்றாக முன்னேறிவிட்டன. ஆனால் வாட்சின் திரை மறுபடி நம்மை 1999-க்கு இழுத்துச் செல்கிறது: விரல்நுனியே நான்கு சொற்களை மறைக்கும் இடத்தில், ‘ணு’வை ‘ணா’வாக மாற்றக் கர்சரை வைப்பது பெரும்பாடு. முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி சொல்வதே பல சமயம் விரைவானது.

சரிபார்ப்பின் மதிப்பை மருத்துவத் துறை எண்களால் காட்டியிருக்கிறது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருத்துவர்கள் சொல்லச் சொல்ல மென்பொருள் எழுதிய 217 குறிப்புகளைப் பார்த்தார்கள். முதல் வரைவில் நூறு சொற்களுக்கு 7.4 பிழைகள். எழுத்தர் ஒருவர் பார்த்தபின் 0.4. மருத்துவர் படித்துக் கையொப்பமிட்டபின் 0.3. மென்பொருளை மாற்றவில்லை; ஒரு மனிதக் கண் பட்டது, அவ்வளவே.

இரண்டு வழியில் சொல்லுங்கள்

1948-இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை நிறுவியபோது, இரைச்சல் மிக்க வழியில் செய்தி பிழையின்றிப் போய்ச் சேர வேண்டுமானால் அதில் கூடுதல் குறிப்புகளைச் சேர்க்க வேண்டும் என்பதைக் கணிதமாக நிறுவினார். விமானிகள் அனுபவத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். 1956-இல் சர்வதேசப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ வரிசை, ஓர் எழுத்துக்கு ஒரு முழுச் சொல்லைச் செலவழிக்கிறது. வானொலியில் ஒன்பதை ‘நைன்’ என்று சொல்லாமல் ‘நைனர்’ என்பதும் ‘ஃபைவ்’ என்பதோடு குழம்பாமலிருக்கத்தான்.

வாட்சுக்கும் இதே வைத்தியம். பொருள் திரும்பும் இடத்தில் மட்டும் இரட்டிப்பாகச் சொல்லுங்கள். ‘மாத்திரை வேணாம், வாங்காதே’ என்றால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படிப்பவர் போன் செய்து கேட்பார். ‘அம்பது ரூபா, அஞ்சு பத்து ரூபா நோட்டு’, ‘சாயங்காலம் ஆறு மணி, இருட்டறதுக்கு முன்னாடி’ என்று தொகைக்கும் நேரத்துக்கும் ஒரு சாட்சியை உடன் அனுப்புங்கள். மிச்ச வாக்கியத்தை மொழிக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

‘வந்துட்டேன்’, ‘லேட் ஆகும்’ போன்றவற்றுக்கு வாட்ச் எழுதியதை அப்படியே அனுப்பலாம். பல்லி வந்தால் சிரித்துக்கொள்ளலாம். மருந்து, பணம், முகவரி, நேரம், ஆம் அல்லது இல்லை என்பவற்றை அனுப்பும் முன் கடைசிச் சொல்லையாவது படித்துவிடுங்கள். படிக்க நேரமில்லாத அவசரமென்றால் எழுத்தாக்கவே வேண்டாம்: குரல் பதிவாக அனுப்புங்கள், அல்லது கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் குரலைப் பல்லாண்டு கேட்டுப் பழகிய காது மறுமுனையில் இருக்கிறது. இன்றைய நிலையில் எந்த வாட்சைவிடவும் அது நம்பகமானது.